பழைய ரூபாய் நோட்டு சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நோட்டு சேர்ப்பவன் என்று தெரிந்துவிட்டால், கல்யாண வீடானாலும் சரி, ரயிலானாலும் சரி, என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாகத் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முக்கால்வாசி இந்திய நோட்டுகளைப் பற்றியது. கடல் கடந்து நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த சில நோட்டுகளும் உண்டு.

தாத்தாவோட டிரங்குப் பெட்டியில பழைய ஒரு ரூபாய் நோட்டு நிறைய கிடைச்சிருக்கு. லட்சக்கணக்குல போகும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிஜமா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பின்பக்கம் பாருங்கள். கடலில் நிற்கும் எண்ணெய் துரப்பண மேடை (சாகர் சாம்ராட்) இருந்தால் அது எண்பதுகளில் புழங்கிய நோட்டு. கோடிக்கணக்கில் அச்சானது. ஒவ்வொரு வீட்டிலும் மொய்ப்பணத்துக்கென்று நாலு நோட்டு எடுத்துவைத்திருந்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது. கசங்கிய நோட்டுக்குச் சேகரிப்பாளர் யாரும் பெரிய தொகை தரமாட்டார்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் பெட்டியை மூடிவிடாதீர்கள். ஒன்று, வங்கிக் கட்டு பிரிக்கப்படாமல், நூறு நோட்டும் வரிசை எண்ணோடு இருந்தால் அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கட்டாக இருப்பதற்கே தனி மதிப்பு உண்டு. இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படம் அச்சிட்ட, 1917 என்று ஆண்டு போட்ட சின்ன நோட்டு இருந்தால் அதைத் தனியே எடுத்துவையுங்கள். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1917 நவம்பர் 30 அன்று வெளியான இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு அது. குப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மூவரின் கையெழுத்தில் வந்தது. யார் கையெழுத்து என்பதைப் பொறுத்தும் விலை மாறும்.

பழசா இருந்தா விலை ஜாஸ்தி இல்லையா? அப்ப எதை வச்சுத்தான் விலை வருது?

வயதுக்கு இரண்டாவது இடம்தான். எத்தனை நோட்டு மிஞ்சியது, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. 1940களின் நோட்டு ஒன்று கந்தலாக இருந்தால், 1970ல் வந்த மடியாத நோட்டு அதைவிட அதிகம் போகலாம்.

நிலையைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நோட்டைப் படுக்கையாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மடிப்பு அப்போது கோடாகத் தெரியும். நடுவில் ஒரே ஒரு மடிப்பு இருந்தாலே 'அன்சர்குலேட்டட்' (புழங்காத நோட்டு) என்ற தகுதி போய்விடும். அதற்குக் கீழே ஏயூ (கிட்டத்தட்ட புழங்காதது), எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), விஎஃப் (வெரி ஃபைன்), ஃபைன் என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படிக்கும் விலை பாதியாகக் குறைவது சாதாரணம். அபூர்வ நோட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மூலை நான்கும் கூர்மையாக இருக்கிறதா, காகிதம் சுண்டினால் மொறமொறப்பாகச் சத்தம் தருகிறதா என்பதையும் பாருங்கள்.

கையில பெரிசா காசு இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கையெழுத்திலிருந்து ஆரம்பியுங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பத்து ரூபாய். ரிசர்வ் வங்கி கவர்னர் மாறும்போதெல்லாம் கையெழுத்து மாறும். சி.ரங்கராஜன், பிமல் ஜலான், ஒய்.வி.ரெட்டி, சுப்பாராவ், ரகுராம் ராஜன் என்று வரிசையாகப் போகலாம். கடைசி முப்பது ஆண்டுக்கான நோட்டுகள் முகமதிப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கிடைக்கும். சில இன்னும் உங்கள் பர்ஸிலேயே இருக்கும்.

இதிலேயே உள்ளே போகப் போகச் சுவை கூடும். பி.என்.அதார்கர் 1970ல் 42 நாள் மட்டும் கவர்னராக இருந்தார். அமிதாப் கோஷ் 1985ல் இருபதே நாள். அவர் கையெழுத்து பத்து ரூபாய் நோட்டில் வந்திருக்கிறது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித்தின் கையெழுத்துப் போட்ட நோட்டே கிடையாது, ஏனென்றால் ரிசர்வ் வங்கி 1935ல் தொடங்கினாலும் அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட அந்த ஐந்து ரூபாயில் இருப்பது இரண்டாம் கவர்னர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து.

கையெழுத்து முடிந்ததும் எண்ணுக்குக் கீழே நிழல்போல் இருக்கும் சின்ன ஆங்கில எழுத்தைப் பாருங்கள். அதை இன்செட் என்போம். ஒரே கவர்னர், ஒரே ஆண்டு, ஆனால் இன்செட் வேறு என்றால் சேகரிப்பில் அது வேறு நோட்டு. 2005லிருந்து பின்பக்கம் அடியில் அச்சான ஆண்டும் வருகிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் பத்து ரூபாயை வைத்தே ஒரு ஆல்பம் நிரம்பிவிடும்.

ஒரு ரூபாய் நோட்டுல மட்டும் ஏன் கவர்னர் கையெழுத்து இல்ல?

அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, மத்திய அரசு. நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார். சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்குச் சமம். அதனால்தான் மற்ற நோட்டுகளில் இருக்கும் 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் அதில் இல்லை. 1994ல் அச்சிடுவதை நிறுத்தி, 2015ல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

இதனால் சேகரிப்பாளருக்கு ஓர் அருமையான தொகுப்பு கிடைக்கிறது. செயலராக இருந்தபோது ஒரு ரூபாயிலும், பின்னால் கவர்னராகி மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டவர்கள் சிலர் உண்டு. மன்மோகன் சிங் அப்படித்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு ரூபாயில், 1982 முதல் 1985 வரை கவர்னராக. எல்.கே.ஜா, ஐ.ஜி.படேல், நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன், பிமல் ஜலான், 2017 ஒரு ரூபாயில் சக்திகாந்த தாஸ் என்று பட்டியல் நீளும். இருவேறு பதவியில் ஒரே கையெழுத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம். செலவும் குறைவு.

தஞ்சாவூர் கோயில் படம் போட்டு ஆயிரம் ரூபாய் நோட்டு இருந்துச்சாமே?

இருந்தது. 1954ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். கூடவே வந்த ஐயாயிரத்தில் கேட்வே ஆஃப் இந்தியா, பத்தாயிரத்தில் அசோகர் தூண் சிங்கங்கள். 1978 ஜனவரியில் மொரார்ஜி அரசு மூன்றையும் செல்லாதென அறிவித்தது. கையில் வைத்திருந்தவர்கள் வங்கியில் ஒப்படைத்துவிட்டார்கள். அதனால் மிஞ்சியது கொஞ்சம்தான்.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பலருக்கும் கனவு நோட்டு அது. ஆகவே போலியும் அதிகம். அறிமுகமில்லாதவரிடம், ரசீது இல்லாமல், 'அவசரத்துக்கு விற்கிறேன்' என்று வந்தால் வாங்காதீர்கள். அந்த விலைக்கு வாங்கும் அளவுக்கு வரும்போது ஏலம் நடத்தும் நிறுவனங்கள் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு.

786 நம்பர் நோட்டு இருக்கு. எவ்வளவு கிடைக்கும்?

786 முஸ்லிம்கள் மங்கலமாகக் கருதும் எண். அதற்காக ஆசையாக வைத்துக்கொள்பவர்கள் நிறைய, அதில் தப்பே இல்லை. ஆனால் ஆறிலக்க எண்ணில் எங்காவது 786 வரும் நோட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடக் கிடைத்தால் பெரிசு.

எண்ணுக்காக உண்மையில் விலை ஏறுவது வேறு வகை. 000001, 111111 மாதிரி ஆறும் ஒரே இலக்கமானவை, 123456, 100000 போன்றவை. பிறந்த தேதியை எண்ணாகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 150847 என்று ஒரு நோட்டு கண்ணில் பட்டால் அதை வாங்க ஆள் உண்டு. இவற்றுக்கும் முன்பு சொன்ன நிலை விதி பொருந்தும். கிழிந்த 111111ஐ யாரும் ஆசையோடு வாங்குவதில்லை.

நம்பருக்கு நடுவுல நட்சத்திரம் இருக்கு. கள்ள நோட்டா?

இல்லை, நல்ல நோட்டுதான். அச்சகத்தில் ஒரு நோட்டு கெட்டுப்போனால் முன்பெல்லாம் அதே எண்ணில் இன்னொன்றை அச்சிட்டு வைப்பார்கள். 2006லிருந்து அந்த இடத்தில் நட்சத்திரக் குறியுள்ள மாற்று நோட்டை வைக்கிறார்கள். முதலில் 10, 20, 50 ரூபாயில் வந்தது, 2016ல் புதிய ஐநூறிலும் வந்தது. 2023 ஜூலையில் வாட்ஸப் வதந்தி கிளம்பியபோது ரிசர்வ் வங்கியே இது செல்லும் என்று விளக்கம் கொடுத்தது.

சேகரிக்கவும் நல்ல பிரிவு இது. குறிப்பிட்ட கவர்னர், ஆண்டு, இன்செட் சேர்ந்த நட்சத்திர நோட்டு சில சமயம் மிகக் குறைவாகவே கண்ணில் படும்.

நல்லா புதுசா இருக்கு, ஆனா இடதுபக்கம் ரெண்டு பின் ஓட்டை. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் இந்திய நோட்டில் இது ஊரறிந்த கதை. அந்தக் காலத்தில் நூறு நோட்டையும் அடுக்கி, இடதுபக்க வெள்ளை இடத்தில் தடித்த கம்பிப் பின் அடித்துத்தான் கட்டாக்குவார்கள். 2001ல் ரிசர்வ் வங்கி பின் அடிப்பதை நிறுத்திக் காகிதப் பட்டை போடச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டில் ஓட்டை இருப்பதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டையே இல்லாமல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் தருவார்கள், அவ்வளவுதான்.

ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகத் துரு பரவியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துரு காகிதத்தைத் தின்றுகொண்டே போகும். இன்னும் பின்னோடு ஒரு கட்டு உங்களிடம் இருந்தால் பின்னை இழுக்காதீர்கள். இழுத்தால் நோட்டோடு வரும். பின்னின் கால்களைப் பின்பக்கம் மெல்ல நிமிர்த்தி, மெல்லிய தகடு கொடுத்துத் தூக்குங்கள்.

பூஜை அறையில இருந்த நோட்டு. மஞ்சளும் குங்குமமுமா இருக்கு. லேசா கழுவி இஸ்திரி போட்டா போச்சு இல்ல?

தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுக் காகிதம் பருத்தியால் ஆனது. அச்சு மசி காகிதத்துக்கு மேலே மேடாக நிற்கும். அதைத்தான் விரல் நுனியில் தடவிப் பார்க்கிறோம். இஸ்திரி அந்த மேட்டை நசுக்கிவிடும். தண்ணீர் மொறமொறப்பைக் கொண்டுபோய்விடும். கழுவியபின் நோட்டு பார்க்க வெளுப்பாக இருக்கும், தொட்டால் துணி மாதிரி தொய்ந்துபோகும்.

கண்டுபிடிக்க முடியாது என்றும் நினைக்காதீர்கள். சோப்புத்தூளில் வெண்மை கூட்டும் பொருள் ஒன்று இருக்கிறது. புற ஊதா விளக்கின் கீழே கழுவிய நோட்டு நீலமாக ஒளிரும், கழுவாத நோட்டு மங்கலாகவே இருக்கும். வாங்குபவர் கையில் அந்தச் சின்ன டார்ச் இருக்கும். அழுக்கான நோட்டுக்கு அழுக்கான நோட்டின் விலை கிடைக்கும். கழுவிய நோட்டுக்கு அதுவும் கிடைக்காது. மஞ்சள் குங்குமத்தோடு அது உங்கள் வீட்டு நோட்டு, அப்படியே வைத்திருங்கள்.

அப்போ எப்படித்தான் வைக்கிறது? லேமினேட் பண்ணிடலாமா?

லேமினேஷன் செய்த நோட்டைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. செலோடேப்பும் அதே ரகம்தான். பத்து வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். போட்டோ ஆல்பத்தில் பசைத்தாளில் ஒட்டுவதும் கூடாது.

வாங்க வேண்டியது பாலியெஸ்டர் உறை. மைலார் உறை என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். தெருவில் கிடைக்கும் மலிவான பிவிசி உறை காலப்போக்கில் பிசுபிசுவென்று ஆகி நோட்டில் ஒட்டிக்கொள்ளும். மணத்திலேயே தெரிந்துவிடும், புது மழைக்கோட்டு வாடை அடித்தால் அது பிவிசி. ஒரு உறையில் ஒரு நோட்டுதான். ஆல்பத்தைப் புத்தகம் மாதிரி நிற்கவையுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரென்றால் ஈரம்தான் முதல் எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். வெயில் படக்கூடாது. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சா உருண்டையை ஆல்பத்துக்குள்ளே போடுகிறார்கள், அது நோட்டுக்கு நல்லதல்ல. அமாவாசைக்கு ஒரு தடவை ஆல்பத்தைத் திறந்து காற்றாடவிட்டுப் புரட்டிப் பாருங்கள். பூச்சிக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

2016ல செல்லாமப் போன ஐநூறு, ஆயிரம் கொஞ்சம் வீட்ல மாட்டியிருக்கு. வச்சிருந்தா தப்பா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. 2017ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. மதிப்பு எதுவானாலும் மொத்தம் பத்து நோட்டு வரை யாரும் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் இருபத்தைந்து வரை. அதற்கு மேல் போனால் பத்தாயிரம் ரூபாய், அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். ஆகவே பழைய ஐநூறு கட்டைக் காட்டி 'சேகரிப்புக்கு வாங்கிக்கோங்க' என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கடையில பழைய ஒரு ரூபா, ரெண்டு ரூபா நோட்டை வாங்க மாட்டேங்கிறாங்க. செல்லாதா? ரெண்டாயிரமும் போச்சா?

ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகள் இன்றும் சட்டப்படி செல்லும். இரண்டு ரூபாயை அச்சிடுவதைத்தான் நிறுத்தினார்கள், செல்லாதென்று அறிவிக்கவில்லை. 2005க்கு முந்தைய 10, 20, 50, 100 நோட்டுகளும் அப்படியே. 2014ல் அவற்றைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள், மதிப்பு போகவில்லை.

இரண்டாயிரத்தை 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதுவும் செல்லாத நோட்டு ஆகவில்லை. சாதாரண வங்கிக் கிளையில் மாற்ற முடியாது, ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மாற்றலாம் என்று ஏற்பாடு. நமக்குப் பக்கத்தில் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. சேகரிப்புக்கு மடியாத நோட்டாக ஒன்றிரண்டு எடுத்துவைத்தால் போதும்.

எங்க வீட்ல பர்மாவிலிருந்து வந்தவங்க வச்சிருந்த நோட்டு, வாழைமரம் போட்ட நோட்டு எல்லாம் இருக்கு. அதுக்கு மதிப்பு உண்டா?

செட்டிநாட்டு வீடுகளிலும் பர்மா, மலாயா போய்த் திரும்பியவர்கள் வீடுகளிலும் இவை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பிடித்த நாடுகளில் அச்சிட்டுப் புழங்கவிட்டது. முன்னெழுத்து 'பி' என்று தொடங்கினால் பர்மா, 'எம்' என்று தொடங்கினால் மலாயா. மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் இருந்ததால் வாழைமர நோட்டு என்றே பெயர். 1945ல் ஜப்பான் தோற்றதும் ஒரே நாளில் வெற்றுக் காகிதமானது. உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் அதில் போன குடும்பங்கள் உண்டு.

அளவில்லாமல் அச்சடித்ததால் இன்று விலை குறைவுதான். எழுத்தோடு எண்ணும் அச்சான மலாயா நோட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். ஆனால் இதை விற்காதீர்கள் என்பேன். கொண்டுவந்தவர் யார், எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி நோட்டோடு வையுங்கள். வேறெங்கும் கிடைக்காதது அந்தக் குறிப்புதான்.

நீலகிரியில் குடியேறிய மலையகத் தமிழர் வீடுகளில் சிலோன் நோட்டுகள் இருக்கும். அதில் இளம் எலிசபெத் ராணி படம் போட்ட 1952, 1954 நோட்டுகள் இருந்தால் நன்றாகப் பத்திரப்படுத்துங்கள். அவற்றைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

மாமா குவைத்துல இருந்தார். அவர்கிட்ட சிவப்பு கலர்ல இந்திய ஒரு ரூபாய் இருக்கு. பிரிண்டிங் மிஸ்டேக்கா?

பிழை இல்லை, அதுதான் வளைகுடா ரூபாய். அந்தக் காலத்தில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய்ப் பக்கமெல்லாம் இந்திய ரூபாய்தான் புழங்கியது. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959ல் அந்தப் பகுதிக்கென்று வேறு நிறத்தில் தனி நோட்டு வெளியிட்டார்கள். எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து இருக்கும். குவைத் 1961லும் பஹ்ரைன் 1965லும் சொந்தப் பணத்துக்கு மாறின. 1966ல் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டதும் மற்றவையும் விலகின, ஓமானில் மட்டும் 1970 வரை ஓடியது. ஹஜ் பயணிகளுக்கென்று 'எச்.ஏ.' எழுத்தோடு 10, 100 ரூபாய் தனி நோட்டுகளும் வந்தன.

இவை நிஜமாகவே விலை உள்ளவை. மாமாவிடம் கேட்டு ஒரு நல்ல உறையில் போடுங்கள். விற்பதானால் கீழே சொல்லியிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து நோட்டு, ஆனா பாதிதான் இருக்கு. குப்பைதானே?

குப்பை இல்லை. தபாலில் பணம் களவுபோகாமல் இருக்க அந்நாள் வணிகர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்ததும் மறுபாதி போகும். வாங்கியவர் இரண்டையும் ஒட்டி மாற்றிக்கொள்வார். வழியிலேயே நின்றுபோன பாதிகள்தான் இன்று கிடைக்கின்றன.

அந்தக் காலத்து ஒருபக்க அச்சு நோட்டுகளில் எந்த வட்டத்தில் (நோட்டு வெளியீட்டுப் பகுதியில்) வெளியானது என்று ஊர்ப் பெயர் இருக்கும். மெட்ராஸ் என்று இருந்தால் நம்மூரில் தனி மவுசு. 1861ல் காகிதப் பணச் சட்டம் வந்து நோட்டு வெளியிடும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் 1843ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற வங்கிகளே நோட்டு வெளியிட்டன. முழு நோட்டு வாங்கும் வசதி நம்மில் பலருக்கு வராது. பாதி நோட்டு கைக்கெட்டும் விலையில் அந்தக் காலத்தைத் தொட்டுப் பார்க்கக் கொடுக்கும்.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்காட்சி மேசையில் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீர்க்குறி. அது காகிதத்துக்குள்ளே மென்மையாகத் தேய்ந்து தெரியவேண்டும். மேலே வெள்ளை மசியில் அச்சிட்டிருந்தால் சாய்த்துப் பார்க்கும்போது பளபளக்கும். அப்புறம் பத்து மடங்கு லென்ஸ். நகல் எடுத்த நோட்டில் நிறம் புள்ளிபுள்ளியாகத் தெரியும், அசலில் கோடு கோடாகவே இருக்கும். பிறகு முன்பு சொன்ன புற ஊதா டார்ச். இன்றைய சாதாரணத் தாளும் நீலமாக ஒளிரும்.

காலம் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கள்ள நோட்டு அடித்ததால் ஆறாம் ஜார்ஜ் படத்தையும் நீர்க்குறியையும் பக்கவாட்டு முகத்திலிருந்து நேர்முகமாக மாற்றினார்கள். பாதுகாப்பு இழை முதன்முதலாக வந்ததும் அப்போதுதான். 1938 நோட்டு என்று கொடுத்ததில் இழை ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முழுப் போலியைவிட ஆபத்தானது திருத்திய அசல். சாதாரண எண்ணில் ஒரு இலக்கத்தைச் சுரண்டி 111111 ஆக்குவார்கள். அந்த இடத்தில் காகிதத்தின் நார் எழுந்து நிற்கும், லென்ஸில் தெளிவாகத் தெரியும்.

பாதி அச்சு விட்டுப்போன ஐநூறு ரூபாய் ஆன்லைன்ல விற்குது. வாங்கலாமா?

அசல் அச்சுப் பிழை உண்டு. காகிதம் மடிந்தபடி இயந்திரத்துக்குள் போனதால் ஒரு மூலையில் வெள்ளைப் பட்டை விழுந்தது, எண் இரண்டு இடத்தில் வேறுவேறாக வந்தது, ஓரத்தில் காகிதம் கூடுதலாக வெட்டாமல் வந்தது, இவையெல்லாம் நடக்கும். ஆனால் ரசாயனம் தடவி மசியை அழித்தும், ஓரத்தைக் கத்தரித்தும் பிழையை உற்பத்தி செய்கிறவர்களும் நிறைய.

எனக்குள்ள அளவுகோல் ஒன்றுதான். இந்தப் பிழை இயந்திரத்தில் எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று விற்பவரால் விளக்க முடிய வேண்டும். மடிப்புப் பிழையென்றால் விரித்ததும் அச்சு கோடு பிசகாமல் பொருந்தும். எண் மட்டும் காணோம் என்றால் அந்த இடத்தைப் புற ஊதாவில் பாருங்கள், அழித்த தடம் தெரியும். படத்தை மட்டும் பார்த்துப் பிழை நோட்டு வாங்கவே கூடாது.

பிழையென்று தவறாக விற்கப்படும் வகைகளும் உண்டு. 1975ல் வந்த ஐம்பது ரூபாயின் பின்பக்கம் நாடாளுமன்றக் கட்டடம். முதலில் வந்தவற்றில் உச்சியில் கொடிக்கம்பம் மட்டும் இருக்கும், கொடி இருக்காது. பிறகு வந்தவற்றில் கொடி பறக்கும். கொடியில்லாதது பிழை நோட்டு இல்லை, முதல் வடிவமைப்பு. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அழகு.

என் நோட்டை அஞ்சு லட்சத்துக்கு வாங்கிக்கிறேன், முதல்ல ரிசர்வ் பாங்க் வரி கட்டுங்கன்னு ஒருத்தர் சொல்றார்...

போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வாங்குவதும் இல்லை, அதற்குக் கமிஷனோ வரியோ கேட்பதும் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுத்ததும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே இதை வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். வாங்குகிறவர்தான் பணம் தரவேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் அது மோசடி. ஏற்கெனவே கட்டிவிட்டீர்களென்றால் வெட்கப்படாமல் உடனே 1930 சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

சரி, நிஜமாவே நல்ல நோட்டு. எங்க விற்கிறது?

அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். நாணய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் முடிவை இணையத்தில் போட்டிருக்கின்றன. அதில் அதே கையெழுத்து, அதே முன்னெழுத்து, கிட்டத்தட்ட அதே நிலையில் உள்ள நோட்டு எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். விற்பவர் கேட்ட விலை கணக்கில்லை, போன விலைதான் கணக்கு. பிறகு சென்னை, கோவை, மதுரை கண்காட்சிகளில் குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள். வியாபாரி தன் லாபத்தையும் பார்ப்பார், ஏல விலையில் பாதிக்குக் கேட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கக் கூட்டங்களில் சேகரிப்பாளர்களையே நேரில் சந்திக்கலாம்.

நூறு ஆண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கலாம். 1917 நோட்டு அந்த வயதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டில் யாராவது கேட்டால் தொல்லியல் துறையிடம் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

பிஎம்ஜி மாதிரி கிரேடிங் கம்பெனிக்கு எல்லா நோட்டையும் அனுப்பிடலாமா?

எல்லாவற்றையும் அனுப்புவது வீண். அவர்கள் நோட்டின் நிலைக்கு 70க்கு மதிப்பெண் போட்டு, உறையில் முத்திரையிட்டுத் தருவார்கள். அசல்தான் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் மலிவான நோட்டின் விலையைத் தாண்டிவிடும். தஞ்சாவூர் ஆயிரம், 1917 ஒரு ரூபாய், வளைகுடா நோட்டு போன்றவை மடியாமல் கிடைத்தால் அனுப்பலாம். கையெழுத்து வரிசைக்குத் தேவையில்லை.

முத்திரையிட்ட உறையிலும் போலி வந்துவிட்டது. வாங்கும்முன் உறையிலுள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வரும் படத்தில் நோட்டின் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எனக்கப்புறம் பிள்ளைங்க இதை என்ன பண்ணுவாங்களோ தெரியல. இப்பவே என்ன செஞ்சு வைக்கலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் மதிப்பு, கையெழுத்து, முன்னெழுத்தும் எண்ணும், இன்செட், நிலை, யாரிடம் எந்த ஆண்டு என்ன விலைக்கு வாங்கியது, இவை போதும். விலையுள்ள பத்து நோட்டை மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாவிட்டாலும் சில்லறையோடு சில்லறையாகச் செலவழித்துவிட மாட்டார்கள். விற்க நேர்ந்தால் யாரை அணுகுவது என்று நம்பிக்கையான இரண்டு சேகரிப்பாளர் பெயரையும் அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லியும் வையுங்கள்.